காலி மழைமானி

லோகநாதன் அண்ணன் மண்சரிவில் லயத்து வீட்டோடு மண்ணுக்குள் போய் இரண்டு வருடம். தோட்டத்து ஆபிசில் அண்ணன் பார்த்த வேலை எனக்கு வந்தது. காலை ஆறு மணிக்கு மழைமானியைப் பார்த்து அளவு எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். கூரையைப் பிய்க்கிற மழை பெய்த மறுநாளும் அது காலியாகத்தான் இருக்கும். மூன்று தரம் மாற்றினோம். ஒன்றிலும் ஓட்டை இல்லை. தோட்டத்து மெனேஜர் தொரையிடம் ஏச்சு வாங்கினது நான்.

ஆபிஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தையும் போட்டு வைத்தது அண்ணன்தான். பிறகு யாரோ விண்டோஸைத் திருப்பிப் போட்டதில் லினக்ஸுக்குள் போக வழியில்லாமல் போயிற்று. இன்றைக்குக் கஹவத்தை டவுனிலிருந்து கம்ப்யூட்டர் திருத்துகிற மர்சூக் நானா வந்து, எதற்குள் போவது என்று கேட்கிற பூட் மெனேஜரைப் போட்டார். இரண்டு பெயரும் திரையில் வந்தன. லினக்ஸைத் தட்டினார். அண்ணனின் மழைப் பட்டியல் திறந்தது.

“தங்கச்சி, இதுல இன்னைக்கு வரைக்கும் எழுதியிருக்கே. யாரு எழுதுறது?”

“யாருமில்ல நானா. ரெண்டு வருஷமா இதுக்குள்ள போகவே ஏலாம இருந்துச்சே.”

கடைசி வரியில் இன்றைய தேதி. காலை ஐந்தரை மணி, 46 மில்லிமீட்டர்.

நாளைக்கு ஐந்து மணிக்கே போய் மழைமானிக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறேன். அண்ணனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவதா வேண்டாமா என்றுதான் தெரியவில்லை.