கம்பத்தில் காய்ந்த கைலி

அந்த மாதத்தில் தீவைப் பிடிக்க வந்த நான்காவது ஆள், ஜெனரல் தனசிங். போன வாரம்வரை டிராக்டர் விற்றவர், ஒட்டுமீசையும் நாற்பது கூலி வீரர்களுமாகப் படகிலிருந்து இறங்கினார். சட்டம் எளிது. நண்பகலில் செயற்கைக்கோள் படம் எடுக்கும்போது தீவின் கொடிக்கம்பத்தில் யார் ஏற்றிய துணி பறக்கிறதோ, தீவும் படையும் அவருக்கே.

"ஏம்மா, கொடியெல்லாம் கடல்தண்ணி. நல்ல தண்ணியில அலசிப் போடு," என்று தீவில் குடியிருந்த இன்னாசியம்மாளுக்கு உத்தரவிட்டார். வீரர்களும் தங்கள் சீருடைகளைக் கழற்றி வீசினார்கள்.

தீவின் கிணறு உப்பு. குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றி அலசினாள். காயப்போடக் கயிற்றில் இடம் போதாமல், புருஷனின் கைலியைக் கம்பத்தில் மாட்டினாள். மணி பன்னிரண்டு அடித்தது.

ஜெனரலின் மீசை கழன்று விழுந்தது. நாற்பது பேரும் ஜட்டியோடு அவளுக்கு சல்யூட் அடித்தார்கள்.

"அதிபரம்மா, என்ன உத்தரவு?"

எல்லோரையும் விரட்டத்தான் இன்னாசியம்மாள் வாயெடுத்தாள். அதற்குள் காலிக் குடங்கள் கண்ணில் பட்டன.

"எதுத்த தீவுல என் நாத்தனா வீட்டுக் கிணத்துத் தண்ணி கல்கண்டா இனிக்கும்," என்றாள். "கைலி காஞ்சிருச்சா பாருங்கப்பா. படகுல கட்டணும்."