ஓடாத பிரஸ்

வேறு சாட்சி யாராவது இருக்கிறார்களா என்று தொழிலாளர் அதிகாரி மறுபடியும் கேட்டார்.

அன்னக்கிளி வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த கம்பெனி எச்.ஆர். மூர்த்தி அவசரப்படவில்லை. போன தடவை சொன்னதையே இந்தத் தடவையும் சொன்னார். அன்னக்கிளியை எடுத்தது இரண்டு வருட ஒப்பந்தத்தில். அவள் நின்ற, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் லைனை மூடியாகிவிட்டது. லைனை மூடினால் ஒப்பந்தமும் முடியும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே இது வேலைநீக்கமே இல்லை.

லைன் மூடவே இல்லை என்பதுதான் அன்னக்கிளியின் வழக்கு.

கை உள்ளே இருந்தால் பிரஸ்ஸை நிறுத்த வேண்டிய சென்சாரை, உற்பத்தி குறைகிறது என்று சூப்பர்வைசர் கழற்றிவிட்டிருந்தார். அதை மாட்டாமல் மிஷினில் நிற்க மாட்டேன் என்றாள் அவள். அந்த வாரமே கேட்டில் அவளுடைய கார்டை வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் பாதிக் காலம் மிச்சம் இருந்தது.

சொல்ல இவ்வளவுதான். நிரூபிக்க ஒன்றும் இல்லை. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். ஒரு படம்கூடக் கிடையாது.

பக்கத்து மிஷின் காவேரிக்கு எல்லாம் தெரியும். பிரஸ் ஒரு நாள்கூட நிற்கவில்லை, வாலாஜாபாத் பக்கத்துப் பெண் ஒருத்தியை அதில் நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னதே அவள்தான். அதை இங்கே வந்து சொல் என்றபோது அழுதாள். அவளும் ஒப்பந்தத்தில் இருப்பவள். அதற்குப் பிறகு அவள் போனை எடுக்கவே இல்லை.

காவேரிமேல் அன்னக்கிளிக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் முகம் தெரியாத அந்தப் புதுப் பெண்மேல்தான். வல்லம் வடகாலில் வாடகை அறையின் தகரக் கூரையைப் பார்த்துப் படுத்தபடி அவளைத் திட்டாத நாள் இல்லை. இன்னொருத்தி நின்ற இடத்தில், ஒரு வார்த்தை விசாரிக்காமல் எப்படிப் போய் நின்றாள்? இனி இங்கே என்ன இருக்கிறது, சங்கரன்கோவிலுக்கே போய்விடலாம் என்று பலமுறை துணிமணியை மடித்து வைத்துவிட்டு, திரும்பவும் எடுத்து உடுத்தியிருக்கிறாள்.

“அப்ப முடிச்சிடலாமாம்மா?” என்றார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. அவரும் களைத்துத்தான் போயிருந்தார்.

சரி என்று சொல்ல அன்னக்கிளி வாயெடுத்தாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒல்லியான பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். சின்ன வயசு. ஷேர் ஆட்டோவில் வந்த புழுதி முகத்தில் அப்பியிருந்தது.

மூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை.

“காவேரியக்கா சொல்லித்தான் வந்தேன் சார். இவங்க நின்ன பிரஸ்ல இவங்களுக்கப்புறம் என்னைத்தான் போட்டாங்க. லைன் இன்னும் ஓடிக்கினுதான் கீது.”

பெயர் ரஞ்சனி என்றாள்.

இவளா?

இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த வசவு ஒன்றுகூட அன்னக்கிளியின் வாயில் வரவில்லை. வேலை போகும் என்று தெரியாமலா வந்திருப்பாள்?

சொன்னதைக் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடும்படி, அதிகாரி வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

ரஞ்சனி பேனாவைத் தொடவில்லை. துப்பட்டாவுக்குள்ளிருந்து வலது கையை மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்தாள். முழங்கைவரை கட்டு. விரல்கள் தொடங்க வேண்டிய இடத்தில் அது தட்டையாக முடிந்திருந்தது.

“நான் சொல்றேன் சார். யார்னா எழுதிக்கோங்க.”