கிலோவுக்கு நாற்பது

கினாரய்யா மொழியின் விலை கிலோவுக்கு நாற்பது பேசோ. பிலிப்பைன்ஸின் அந்திகே மாகாணத்து மீன் சந்தையில் அந்த மொழியில் கேட்டால் பாறை மீன் இருநூறு. மணிலாப் பேச்சில் கேட்டால் இருநூற்று நாற்பது.

மணிலாவிலிருந்து மருமகளாக வந்த மாரிவிக்கிடம் மாமியார் ரெமெதியோஸ் வாரந்தோறும் எண்ணி நானூறுதான் கொடுப்பாள். "ரெண்டு கிலோ. எங்க பாஷை பேசி வாங்கிட்டு வா. இல்லன்னா எல்லாருக்கும் வெறும் சோறுதான்."

நாலு வாரமாக மாரிவிக் திக்கித் திணறியே இருநூறுக்கு வாங்கிவிட்டாள். மாமியார் ஒருமுறைகூட மெச்சவில்லை.

ஐந்தாம் வாரம் மீன்காரி சாலிங் தராசை விரலால் அழுத்துவதைப் பார்த்ததும், எங்கிருந்துதான் வந்ததோ, மாரிவிக் கினாரய்யாவில் பொரிந்து தள்ளினாள். "கைய எடுக்கா! உன் விரலையும் சேத்தா நான் சமைக்கப்போறேன்?"

சந்தையே சிரித்தது. சாலிங் மீனைக் கட்டிக் கொடுத்து, கூடவே எண்பது பேசோவை நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"உங்க மாமியார் காசு. வாராவாரம் உனக்கு முன்னாடியே வந்து, 'என் மருமக பேசுனா சிரிக்காம இருநூறுக்குக் குடுத்துடு'ன்னு மிச்சத்தக் கட்டிட்டுப் போவாங்க. இன்னைக்கு நீ திட்டுனது அசல் எங்க ஊர்த் திட்டு. இனிமே இது வேண்டாம்."

வீட்டில் மாரிவிக் அந்த எண்பதை மாமியார் முன் வைத்தாள். ரெமெதியோஸ் முகம் மாறாமல் எடுத்துப் பர்சில் போட்டுக்கொண்டாள்.

"இது இன்னைக்குக் கணக்கு. பழைய பாக்கி நாலு வாரம், முந்நூத்தி இருபது. அதையும் அவளத் திட்டியே வசூல் பண்ணிட்டு வா."