வளையம் போடாத குருவி

"பாத்துக்கிட்டே இருந்தா ஆச்சா? காலைப் பிடி, வளையத்தைப் போடு!"

தேர்வாளர் மேசையில் அறைந்த அறையில், காலித் தராசு ஐந்து கிராம் காட்டியது. ஆள் குள்ளம். கடுகு என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் உயரத்தைப் பார்த்து வைக்கவில்லை, காரத்தைப் பார்த்துத்தான் வைத்தார்கள்.

எதிரே, வலசைக் குருவியைக் கைக்குள் பொத்தியபடி, வாயாடி என்று பெயரெடுத்த பயிற்சிப் பெண் நின்றாள். மலை உச்சியில் இருந்த அந்தப் பறவை ஆய்வு நிலையத்தில் இரண்டு வருஷப் பயிற்சி. பறவையின் காலில் அடையாள வளையம் மாட்டும் லைசென்ஸ் இன்று கிடைத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நாளைய ஜீப்பில் மூட்டை முடிச்சோடு கீழே இறங்க வேண்டியதுதான்.

நிலையத்தில் பறவை பிடிக்க வலை கட்டும் வலைக்காரர் அவள் காதைக் கடித்தார். "தங்கச்சி, வாயை அடக்கு. மூணு தடவை இவர்கிட்ட பரீட்சைக்கு நின்னவன் சொல்றேன். ஒரு தடவைகூட நான் எதிர்த்துப் பேசினதில்ல."

"பாஸாயிட்டீங்களாண்ணே?"

"எங்க! இதே மாதிரி ஒரு குருவியைக் கொடுத்து, போடுன்னாரு. இடுக்கியை எடுத்தேனோ இல்லையோ, பிடுங்கிப் பறக்க விட்டுட்டு ஃபெயில்னுட்டாரு. மூணு தடவையும்! கிறுக்கு மனுஷன்."

குருவி அலகைப் பிளந்து மூச்சு வாங்கியது. வாயாடி இடுக்கியைத் தொடவே இல்லை.

"முடியாது சார்."

மலைக்காற்றுகூட ஜன்னலோரம் நின்று ஒட்டுக்கேட்டது.

"என்ன சொன்னே?"

"இதுக்கு மூச்சிரைக்குது. இப்ப வளையம் போட்டா தாங்காது."

"இன்னிக்கு வலையில விழுந்தது இது ஒண்ணுதான். விட்டா உனக்குப் பரீட்சையே கிடையாது!"

"போகட்டும். நான் ஜீப்புல இறங்கிக்குவேன். இது மலையைத் தாண்டணும்."

"போடுன்னு சொல்றது யாருன்னு தெரியுதா?"

"தெரியுது சார். ஆனா பறக்கப்போறது நீங்க இல்லையே?"

ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விரித்தாள். குருவி உள்ளங்கையிலேயே சற்று உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, முகட்டைப் பார்த்துப் பறந்தது. வலைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மூட்டை கட்டத் திரும்பியவளின் முதுகுக்குப் பின்னால் முத்திரை விழுந்த சத்தம் கேட்டது. கடுகு லைசென்ஸை நீட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் காரம் மட்டும் இம்மியும் குறையவில்லை.

வலைக்காரர் பாய்ந்து வந்தார். "அநியாயம் சார்! சொன்ன பேச்சைக் கேட்ட நான் ஃபெயிலு, கேக்காத இவ பாஸா?"

"அதான்யா பரீட்சையே!"