பதினேழாம் நம்பர் பை

"பதினேழு இன்னும் வரல."

கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே இசபெல்லா எட்டிப் பார்த்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. வாசலில் டார்ச்சோடு மளிகைக்கடை வால்டர்.

அவள் இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. கணவன் சிரிலுக்கு அந்த வாரம் முழுக்க பாக்டரியில் நைட் ஷிஃப்ட்.

"பையா? நாளைக்குத் தர்றேங்க."

அவர் டார்ச்சை அவள் முகத்தில் அடித்தார். பிறகு குழந்தையின் முகத்தில். குழந்தை சிணுங்கியதும் "ம்" என்று முனகிவிட்டுப் போய்விட்டார்.

பை கதவோரத்து ஆணியில்தான் தொங்கியது. அதை அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை.

அப்படியென்றால் எதற்கு வந்தார்? விடியும்வரை ஜெபமாலையைக் கையிலிருந்து விடவில்லை அவள்.

காலையில் பக்கத்து வீட்டு சரோஜம்மாவிடம் சொன்னாள்.

"அந்தப் பிசினாரியா! ஊர் பூரா கடையில பிளாஸ்டிக் கவர் குடுக்குறான். இவன் மட்டும் காக்கிப் பை தச்சு, நம்பர் போட்டு, அன்னைக்கே திருப்பிக் குடுன்னுவான். காய்ச்சல்ல மயங்கிக் கெடந்த ஜெயமேரி வீட்டுக்கே கதவ ஒடச்சிக்கினு போனானே, ஒரு பைக்கு! புள்ள மூஞ்சியில வேற டார்ச் அடிச்சானா? மொதல்ல சுத்திப் போடுடி!"

இன்றோடு அந்தக் கடையைத் தலைமுழுகிவிடுவது என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

கடையில் வேறு யாருமில்லை. கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஆணிகள். சில ஆணிகளில் பித்தளை டோக்கன்கள். அவள் உள்ளே நுழைந்ததும் காற்றில் கிணுகிணுத்தன.

"இந்தாங்க உங்க பை. இனிமே எனக்கு கவர்லயே குடுங்க."

"கவர் இல்லம்மா. போனா திரும்பி வராததை நான் குடுக்கறதில்ல."

ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினார். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் முட்செடிகளில் கிழிந்த கவர்கள் படபடத்துக்கொண்டிருந்தன.

பதினேழாம் டோக்கனை ஆணியிலிருந்து கழற்றிப் பெட்டியில் போட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, தனி ஆணியில், பச்சை பூத்த டோக்கன் ஒன்று.

"அது யாரோட பை?"

"பை இல்ல. ஆளு. ஹரோல்ட்."

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"சுரங்கம் ஓடுன காலத்துல ஷாஃப்ட்டுல டோக்கன் எண்ணுறது என் வேலை. கீழ போறவன் மாட்டணும், மேல வந்தா எடுக்கணும். அன்னைக்கு ஷிஃப்ட் முடிஞ்சும் ஒண்ணு ஆணியிலயே இருந்துச்சு. எடுக்க மறந்துட்டு வீட்டுக்குப் போயிருப்பான், காலைல கேட்டுக்கலாம்னு பூட்டிக்கினு போயிட்டேன்."

"காலைல?"

"சரிஞ்ச கல்லுக்கு அந்தப் பக்கம் செத்துக் கெடந்தான். ராத்திரி பூரா தட்டியிருக்கான்ம்மா. கையில தோலே இல்ல."

டோக்கன்கள் மட்டும் கிணுகிணுத்தன. குழந்தை எட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"சொல்லும்மா, இன்னா வேணும்?"

"ஒரு கிலோ அரிசி" என்று அதே பையை நீட்டினாள். பதினேழாம் டோக்கன் மறுபடி ஆணிக்கு ஏறியது.

அன்று மாலையும் அவள் பையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கதவுச் சங்கிலியைக் கழற்றிவைத்துவிட்டு, டார்ச் வெளிச்சம் எப்போது வருமென்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.