பதினொன்றுக்கு ஒன்று

"கொரீன், நீ ஒருத்தி கையைத் தூக்கினா நாங்க பதினொரு பேரும் வீட்டுக்குப் போயிடுவோம்."

வெர்ன் காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். வழக்கில் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு ஜூரிகளுக்கு அவர்தான் தலைவர்; பன்னிரண்டு பேரும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. அறுவடைக்கு நிற்கிற சோளத்தை விட்டுவிட்டு மூன்று நாளாக இந்த அறையில் அடைந்து கிடக்கிறார். ஜன்னலுக்கு வெளியே வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

கொரீனுக்கு மட்டும் இங்கே உட்கார ஆசையா என்ன? ஒன்றரை வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"குற்றவாளின்னு சொல்ல எனக்கு மனசு வரலை, வெர்ன்."

"ஆடா அந்த மருந்தை எடுத்தாளா, இல்லையா?"

"எடுத்தா."

"அவளே கூண்டுல ஏறி எடுத்தேன்னு சொல்லிட்டா. அப்புறம் என்ன?"

ஆடா மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். ஒரு லாரி டிரைவர், வேலையும் போய் அதோடு இன்சூரன்ஸும் போய், இன்சுலின் வாங்க வழியில்லாமல் கடை வாசலிலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டார். ஆடா அலமாரியைத் திறந்து மருந்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அன்றைக்கு மட்டுமில்லை, மாதாமாதம் கொடுத்தாள். முதலாளி கேமராவில் பார்த்துவிட்டார்.

குற்றவாளி என்று தீர்ப்பானால் ஜெயில். வெளியே வந்தாலும் எந்த மருந்துக் கடையும் அவளைச் சேர்க்காது.

"ஏன் எடுத்தான்னு பார்க்க வேண்டாமா?" என்றாள் கொரீன்.

"ஜட்ஜ் கேட்டது எடுத்தாளான்னுதான். ஏன் எடுத்தான்னு நம்மளைக் கேக்கலை." வெர்ன் பிளாஸ்கைத் திறந்து காபியை ஊற்றிக்கொண்டார். "கையைத் தூக்கி சத்தியம் பண்ணிட்டு இங்க வந்து உக்காந்திருக்கோம். சத்தியம் பண்ணின எடத்துல எனக்குப் பொய் வராது. எங்கம்மாவே திருடியிருந்தாலும் குத்தம்னுதான் சொல்லுவேன்."

"உங்கம்மா குடுத்து வெச்சவங்க."

எதிரே சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த அழகு நிலையம் நடத்தும் பாம் சிரித்துவிட்டாள். வெர்ன் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"சிரிங்க, சிரிங்க. நனையப் போறது என் சோளம்தானே. பிடிவாதத்துக்குப் பரிசு குடுத்தா இந்த ஊர்ல உனக்குத்தான், பொண்ணே."

"ரெண்டாவது பரிசு உங்களுக்கு."

கடைசித் தடவையாக ஓட்டெடுத்தார்கள். எதுவும் மாறவில்லை. தங்களால் ஒரு முடிவுக்கு வர முடியாது என்று வெர்ன் ஜட்ஜிடம் சொன்னார். ஜட்ஜ் ஜூரியைக் கலைத்துவிட்டு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். ஆடா ஒன்றும் புரியாமல் தன் வக்கீல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் அரசு வக்கீல் காத்திருந்தார். சின்ன வயசுக்காரர்.

"ஒரு நிமிஷம். உங்க வேலை முடிஞ்சுது, இனிமே நீங்க என்கிட்ட பேசலாம். இஷ்டம் இருந்தா மட்டும்."

"ஆடாவை விட்டாச்சா?" என்றாள் கொரீன்.

"எங்கே விட்டாச்சு? குற்றமில்லைன்னு பன்னண்டு பேரும் சொல்லியிருந்தா கதை முடிஞ்சுது. இந்தக் கேஸுக்காக அவங்களை மறுபடி கோர்ட்டுக்கு இழுக்கவே முடியாது. நீங்க ஒரு முடிவும் சொல்லலையே. புதுசா பன்னண்டு பேரை உக்கார வெச்சு நான் முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்."

கொரீன் பின்னால் வந்து நின்ற வெர்னையும் பாமையும் திரும்பிப் பார்த்தாள்.

"அதான் கேக்கறேன், ஓட்டு எப்படிப் பிரிஞ்சுது? யாரோ ஒருத்தர் மட்டும் அவங்களுக்காக நின்னிருந்தா அடுத்த மாசமே மறுபடி நடத்துவேன். நெறைய பேர் அவங்க பக்கம்னா வீண் வேலை, கேஸை விட்டுடுவேன்."

மூன்று நாள் பட்ட பாடெல்லாம் இதற்குத்தானா? அடுத்த பன்னிரண்டு பேரில் கொரீன் இருக்க மாட்டாளே.

பாம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வெர்ன் முந்திக்கொண்டார்.

"நான்தானே தலைவர், நான் சொல்றேன். பதினொண்ணுக்கு ஒண்ணு."

போச்சு. கொரீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்த ஒண்ணு யாரு?"

"நான்தான்," என்றார் வெர்ன். "பதினொரு பேரும் அந்தப் பொண்ணை விட்டுடலாம்னாங்க. நான் ஒருத்தன்தான் மூணு நாளா குறுக்கே நின்னேன். நீங்க இந்த ஊர்ல வேற எந்தப் பன்னண்டு பேரைக் கூட்டிட்டு வந்தாலும் இதேதான் நடக்கும், தம்பி."

வக்கீல் மற்றவர்களைப் பார்த்தார். பாம் குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள். இன்னொருத்தர் கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

"சரி," என்று வக்கீல் பெருமூச்சுவிட்டார். "இதோட விட்டுடறேன்."

வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. வெர்ன் வண்டிக் கதவைத் திறப்பதற்குள் கொரீன் ஓடிப் போய்ப் பிடித்துவிட்டாள்.

"உங்கம்மாவே திருடியிருந்தாலும் பொய் வராதுன்னீங்களே."

வெர்ன் ஏறி உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"சத்தியம் பண்ணின எடத்துலதான் வராதுன்னேன். வராந்தாவுல யாரும் என்னைக் கையைத் தூக்கச் சொல்லலையே."