வாசலில் ஒரு நிபந்தனை

"உள்ள வாங்க. ஆனா சாவு, மோட்சம்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. அம்மாவுக்கு எதுவும் தெரியாது," என்று வாசலை மறித்துச் சொன்னான் ஸ்டான்லி.

நாகல் நகர் அன்பிய ஜெபக்குழுவிலிருந்து வந்த ஐந்து பேரும் தலையாட்டினார்கள். நோயாளி வீட்டுக்கு அவர்கள் தாங்களாகவே வருவது வழக்கம்தான்.

அம்மா ஞானசௌந்தரிக்குக் கல்லீரலில் புற்றுநோய். "ரெண்டு மாசம்" என்று டாக்டர் சொன்னதை அவன் நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் வந்து பாடினார்கள். அம்மாவோடு சிரித்துப் பேசினார்கள். போகும்போது அவனையும் கொஞ்ச நேரம் பேச்சில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவன் முறைத்தாலும் விடவில்லை.

ஏழாவது வாரம் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. குழுத் தலைவி சகாயசெல்வி எழுந்தாள். கட்டிலைத் தாண்டி வந்து ஸ்டான்லியின் தலையில் கை வைத்தாள்.

"எனக்கு எதுக்குக்கா? அம்மாவுக்கு ஜெபிங்க!"

"அம்மா எங்களை வரச் சொன்னதே உனக்காகத்தான் தம்பி. அவங்களுக்கு முதல்லயே எல்லாம் தெரியும்."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அம்மா கண்ணில் துளி பயம் இல்லை.

"ஏலே, சாவு வந்தா வரட்டும். அதை நான் பாத்துக்கிறேன். எனக்கப்புறம் நீ ஒத்தையில உக்காந்து அழக் கூடாதுன்னுதான் இம்புட்டுப் பேரைச் சேத்து வச்சிருக்கேன். பாடு!"

பாடினான். பாட்டு பாதியில் நின்றது.

மூச்சு வாங்க வாங்க, அம்மாதான் சத்தமாக அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தாள்.